ஸ்டாத்மின் இல்லாத சுண்டெலி: பயம் குறைவா, அலைச்சல் கூடவா?

1 · கொள்ளுப்பிட்டி_22

ஆய்வு முன்மொழிவு ஒன்றுக்கு ஸ்டாத்மின் புரதத்தின் பரம்பரையலகை எடுக்கிறோம். அது இல்லாத சுண்டெலி, மற்ற எலிகள் தயங்கி நிற்கிற திறந்த இடத்துக்குத் தயங்காமல் போகிறது என்பது 2005 இலிருந்து எல்லாரும் எழுதுகிற விசயம். சிக்கல் என்னவென்றால், பதகளிப்புக் குறைந்ததால் போகிறதா, சுற்றிப் பார்க்கிற ஆர்வம் கூடியதால் போகிறதா, இல்லை சும்மா ஓட்டம் கூடிய எலியா? மூன்றிலும் பிளஸ் மேஸ் (கூட்டல் குறி வடிவ மேடை, இரண்டு கை திறந்தும் இரண்டு கை சுவரோடும் இருக்கும்) ஒரே மாதிரி இலக்கத்தைத்தான் தரும்.

இப்போதைக்குத் திட்டம்: 40×40 ச.மீ. (சதமமீற்றர்) ஓபன் ஃபீல்ட் பெட்டி (எலியை விட்டு நடமாட்டத்தைப் பார்க்கிற வெறும் பெட்டி), உயர்த்திய பிளஸ் மேஸ், கடைசியில் பயப் பழக்கல் (மின்னதிர்ச்சி கொடுத்துப் பயத்தைக் கற்பிப்பது). எதை முதலில் வைப்பது, வெளிச்சம் எவ்வளவு, எத்தனை எலி வேண்டும், இதில் எது கொழும்பில் நடக்கும்? தெரிந்த அக்காமார் அண்ணாமார் சொல்லுங்கள்.

2 · அமிக்டலா

பெட்டிக்குப் போகமுதல் புரதத்தைப் பார்ப்போம், ஏனென்றால் எந்தச் சோதனை தேவை என்பதை அதுதான் தீர்மானிக்கும்.

ஸ்டாத்மின் 149 அமினோ அமிலம் கொண்ட சின்னப் புரதம். ஒரு மூலக்கூறு இரண்டு டியூபியூலின் சோடிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்ட டியூபியூலின் நுண்புன்குழாயில் (கலத்துக்குள் எலும்புக்கூடு மாதிரி நிற்கிற, டியூபியூலினால் ஆன குழாய்) போய்ச் சேராது, குழாய் நிலைகுலையும். 16, 25, 38, 63 ஆம் இடங்களில் உள்ள நாலு செரின்களில் பொசுபேற்று ஏறினால் பிடி தளர்ந்து டியூபியூலின் விடுபடும். ஆகவே ஸ்டாத்மினை எடுத்துவிட்டால் நுண்புன்குழாய்கள் அளவுக்கு மிஞ்சி உறுதியாகிவிடுகின்றன. சினப்சு (நரம்புக் கலங்கள் சந்திக்கிற இணைப்பு) மாறவேண்டிய நேரத்தில் மாறாது.

2005 இல் சும்யாட்ஸ்கி, கண்டெல் குழு காட்டியது: அமிக்டலாவின் (மூளையில் பயத்தைக் கையாள்கிற பகுதி) பக்கக் கருவிலும், அதற்குச் செய்தி கொண்டுவரும் பகுதிகளிலும் ஸ்டாத்மின் மிகுதி. நொக்கவுட் எலியின் (பரம்பரையலகு நீக்கிய எலி) அமிக்டலாச் சீவல்களில் நீண்டகால வலுவூட்டம் (சினப்சு உறுதிப்பட்டு நிற்பது) குறைவு. பழகிய பயமும் குறைவு, பிறவிப் பயமும் குறைவு. ஆனால் நீர் மேஸில் இடம் கண்டுபிடிக்கிறதில் குறையில்லை. "எலி பொதுவாக மந்தமில்லை, பயச் சுற்றில்தான் கோளாறு" என்கிற வாதத்தின் தூண் அந்தக் கடைசி முடிவுதான்.

அந்தத் தூணில் பிறகு ஒரு கீறல் விழுந்தது. ஹிப்போகாம்பஸில் (இடத்தை நினைவில் வைக்கிற மூளைப் பகுதி) ஸ்டாத்மின் வழமையாகக் காணப்படுவதில்லை என்று 2005 இல் எழுதிய அதே ஆய்வுகூடம், 2014 இல் ஹிப்போகாம்பஸிலும் கற்றலோடு ஸ்டாத்மினின் பொசுபேற்று ஏறி இறங்குகிறது, அது கெட்டால் நினைவும் கெடுகிறது என்று காட்டியது. முன்மொழிவில் "அமிக்டலா மட்டும்" என்று எழுதினால் மதிப்பீட்டாளர் அங்கேதான் கை வைப்பார்.

இன்னொன்று. இந்த எலிகளுக்கு வயது ஏற ஏற மைய, சுற்றயல் நரம்பு இரண்டிலும் அக்சன்கள் (நரம்புக் கலங்களின் நீண்ட நார்கள்) சிதைகிறது என்று 2002 இலேயே அறிக்கை உண்டு. ஆகவே வயது போன நொக்கவுட் மேஸில் எப்படி நடந்தாலும் அதற்குப் பயத்தைக் காரணம் சொல்ல முடியாது. 10–14 கிழமை வயதுக்குள் முடியுங்கள். ரோட்டாரொட்டும் (சுழலும் தண்டில் நடக்கவிட்டுச் சமநிலை பார்ப்பது) சூட்டுத்தட்டுச் சோதனையும் (வலி உணர்வைப் பார்ப்பது) கட்டாயம்.

3 · பிப்பெட்_பொரளை

அமிக்டலா அக்கா சொன்னதற்கு முன்னாலேயே கேட்கவேண்டிய ஒன்று இருக்கு: அந்த எலியின் மற்றப் பரம்பரையலகுகள் யாருடையது?

முதல் ஸ்டாத்மின் நொக்கவுட் அறிக்கை 1996 இல். அந்தக் காலத்தில் பரம்பரையலகை வெட்டினது பெரும்பாலும் 129 வம்சத்து முளையக் கலங்களில். பிறகு பி6 எலியோட (சி57பிஎல்/6 என்கிற கறுப்பு ஆய்வுகூட வம்சம்) கலந்து கலந்து பின்கலப்பு. 10 தலைமுறை கலந்தால் மற்ற நிறமூர்த்தங்களில் 129 இன் பங்கு 0.1 வீதமளவுக்கு இறங்கும். ஆனால் வெட்டின இடத்துக்கு ரெண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டு வாற துண்டு அவ்வளவு சுலபத்தில் போகாது. 10 தலைமுறைக்குப் பிறகும் சராசரி 20 சென்ரிமோர்கன் (நிறமூர்த்தத்தில தூரம் அளக்கிற அலகு) மிச்சம் இருக்கும். சுண்டெலியில் இந்தப் பரம்பரையலகு 4 ஆம் நிறமூர்த்தத்தில். அந்தத் துண்டுக்குள்ள நூற்றுக்கணக்கான பரம்பரையலகுகள் 129 பதிப்பிலயே இருக்கலாம். 129 எலிகள் பி6 ஐ விட ஓட்டம் குறைந்தவை, சில உபவம்சங்களில் மூளையின் ரெண்டு பாதியையும் இணைக்கிற நார்க்கட்டே இல்லை. நொக்கவுட்டுக்கு மட்டும் அந்தத் துண்டு, வைல்ட் டைப்புக்கு (பரம்பரையலகு வெட்டாத எலிக்கு) இல்லை. கூடப் பிறந்ததுகளை ஒப்பிட்டாலும் இது தீராது! 1996 இல் கெர்லாய் எழுப்பின கேள்வி இதுதான், இன்றைக்கும் பாதிப் பேர் கட்டுப்பாட்டு எலி எது என்று ஒரு வரியில எழுதிப்போட்டுத் தாண்டிப் போயிடுவினம்.

வழி ரெண்டு. ஒன்று, பி6 முட்டையிலேயே கிறிஸ்பரால் (பரம்பரையலகை வெட்டுகிற கருவி) வெட்டின ரெண்டாவது அலீல் (பரம்பரையலகின் வேறொரு பதிப்பு). மற்றது, நொக்கவுட் எலியின் அமிக்டலாவுக்கு வைரஸ் மூலம் ஸ்டாத்மினைத் திருப்பிக் கொடுத்து நடத்தை மீளுதா என்று பார்க்கிறது. ரெண்டாவது மீண்டால் அமிக்டலாவாலதான் என்பதும் சேர்ந்து நிரூபணமாகும்.

பி6 என்று மட்டும் எழுதாதீங்கோ, எந்த பி6 என்று எழுதுங்கோ. 6என் உபவம்சத்தில் ஆர்டி8 விழித்திரைச் சிதைவு இருக்கு, 6ஜே யில் இல்லை. 6ஜே யில் என்என்டி பரம்பரையலகில் ஒரு துண்டு இல்லை, 6என் இல் அது முழுசா இருக்கு. கண் பழுதான எலிக்கு வெளிச்சமும் விளிம்பும் ஒன்றுதான். லைட்-டார்க் பெட்டியில (பாதி வெளிச்சம், பாதி இருட்டு) அது "துணிச்சலான" எலியாத் தெரியும்.

அலீல் பார்க்கிற வழி: காதுத் துளைத் துண்டு 2 மி.மீ., 25 மி.மோ. சோடியம் ஐதரொட்சைட்டும் 0.2 மி.மோ. ஈடிடிஏ யும் சேர்ந்த கரைசல் 75 மைக்ரோலீற்றர், 95 பாகையில் 30 நிமிடம், ஆறவிட்டு 40 மி.மோ. டிரிஸ் அமிலக் கரைசல் அதே அளவு. அதில 1–2 மைக்ரோலீற்றர் போதும். மூன்று பிரைமர் பி.சி.ஆர்: பொதுவானது ஒன்று, வைல்டுக்கு ஒன்று, நொக்கவுட்டுக்கு ஒன்று. இங்கே ரெண்டு பிழை நடக்கும். துளைக்கிற கருவியை எலிக்கு எலி துடைக்காட்டில் முந்தின எலியின் துணுக்கு ஒட்டி வந்து வைல்டும் ஹெட்டாத் (ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி வெட்டினது) தெரியும். குட்டையான பட்டை நீளமானதை அமுக்கிப்போட்டால் ஹெட் எலி ஓரினம் (ரெண்டு பிரதியும் ஒரே வகை) மாதிரித் தெரியும். ஒவ்வொரு ஓட்டத்திலும் தெரிஞ்ச வைல்ட், ஹெட், நொக்கவுட், வெறும் தண்ணீர் என்று நாலு குழாய் போடுங்கோ. பரிசோதனை முடிஞ்சு எலியைக் கொல்லேக்க வாலில் ஒரு துண்டு எடுத்துத் திரும்பப் பாருங்கோ.

புரதம் உண்மையிலேயே இல்லையா என்று வெஸ்டர்னில் (புரதத்தை அளவுப்படி பிரித்துப் பட்டையாகப் பார்க்கிற சோதனை) பார்க்கேக்க, பட்டை 18–19 கிலோடால்டனில். 15 வீத ஜெல், 0.2 மைக்ரோன் சவ்வு. வழமையான 0.45 போட்டு நீளமா டிரான்ஸ்ஃபர் பண்ணினால் புரதம் சவ்வைத் துளைச்சுக்கொண்டு போயிடும். வைல்டிலயும் வெறுமை, நொக்கவுட்டிலயும் வெறுமை.

4 · கூண்டறை

இனப்பெருக்கத்தை ஒருத்தரும் தொடேல்லை. ஸ்டாத்மின் நொக்கவுட் பெட்டை நல்ல தாய் இல்லை. 2008 இல வந்த வேலை: சிதறிக் கிடக்கிற குட்டியைத் தூக்கிக்கொண்டு வாறதில ஆர்வமில்லை, கூடு கட்டப் பாதுகாப்பான மூலையைத் தெரிவு செய்யிறதும் இல்லை. இது வெறும் தகவல் இல்லை, உங்கட வடிவமைப்பையே கெடுக்கும். நொக்கவுட் தாய் வளர்த்த குட்டியும் வைல்ட் தாய் வளர்த்த குட்டியும் பெரிசானாப் பிறகு பதகளிப்பில வேறுபட, பரம்பரையலகே தேவையில்லை. தாய் நக்கிற அளவும் குட்டியை விட்டுட்டுப் போற நேரமும் போதும். நொக்கவுட்டோட நொக்கவுட்டைச் சேர்த்து ஒரு பக்கம், வைல்டோட வைல்டை மறுபக்கம் எண்டு வளர்த்து ஒப்பிட்டால் அளந்தது தாயைத்தான். ஹெட் ஆணோட ஹெட் பெட்டை, வேற வழி இல்லை.

21–28 நாளில பால் மறக்கப் பண்ணி, ஒரே பாலைக் கலந்து கூண்டுக்கு 3–5. தனிக்கூண்டு வேண்டாம். சண்டை பிடிச்சுக் காயம் வந்த கூண்டை முழுசா விலக்குங்கோ, காயப்பட்டதை மட்டும் இல்லை.

சோதனைக்கு முதல் 3 நாள் கைப்பழக்கம். வாலில பிடிச்சுத் தூக்கிறதை விடுங்கோ. வாலில தூக்கினால் பதகளிப்பு ஏறும், குழாயாலயோ உள்ளங்கையில குழிச்சோ எடுத்தால் இறங்கும் எண்டு 2010 இல ஹேர்ஸ்ட், வெஸ்ட் ரெண்டு பேரும் காட்டினவை. 5 ச.மீ. விட்டம், 15 ச.மீ. நீளத்தில தெளிவான அக்ரிலிக் குழாய் ஒண்டு கூண்டுக்குள்ளயே கிடக்கட்டும்.

கூண்டு மாத்தின அதே நாளில சோதனை வைக்கவேண்டாம். சோதனை செய்யிற ஆளை இடையில மாத்தவும் வேண்டாம். ஆண் ஆய்வாளரின் மணத்துக்கே எலி அழுத்தம் காட்டும் எண்டு 2014 இல வந்தது. மாத்தித்தான் ஆகவேணும் எண்டால் ரெண்டு பேரும் ரெண்டு வகை எலியையும் சம எண்ணிக்கையில எடுங்கோ.

கொழும்பு விசயம் பெரிசு, பிறகு எழுதுறன்.

5 · கொள்ளுப்பிட்டி_22

நன்றி கூண்டறை அண்ணா. தாய் பற்றி எங்கள் வரைவில் ஒரு வரி கூட இல்லை, சேர்க்கிறோம். பிளஸ் மேஸ் அளவுகளைச் சொல்ல முடியுமா? கட்டவேண்டியிருக்கிறது, வாங்க நிதி இல்லை.

6 · அமிக்டலா

சுண்டெலிக்கு லிஸ்டர் 1987 இல் வகுத்த வடிவமே போதும். நாலு கை, ஒவ்வொன்றும் 30×5 ச.மீ., நடுச் சதுரம் 5×5, மூடிய கைகளின் சுவர் 15 ச.மீ., தரையிலிருந்து 40–50 ச.மீ. உயரம். எலியை நடுச் சதுரத்தில் வையுங்கள், முகம் திறந்த கையைப் பார்த்தபடி. எந்தத் திறந்த கை என்பதும் எல்லா எலிக்கும் ஒன்றாக இருக்கட்டும். 5 நிமிடம். ஓர் எலிக்கு வாழ்நாளில் ஒரே தடவை. இரண்டாம் தடவை டயசபாம் (பதகளிப்பைக் குறைக்கிற மருந்து) கூட வேலை செய்யாது. முதல் அனுபவமே சோதனையின் தன்மையை மாற்றிவிடுகிறது.

திறந்த கையின் ஓரத்தில் கால் ச.மீ. முதல் அரை ச.மீ. வரை உயர விளிம்பு வையுங்கள். விழும் எலிகளை நீக்குவது என்று விதி இருந்தால், துணிச்சல் கூடிய நொக்கவுட்தான் அதிகம் விழும். நீங்கள் தேடிவந்த விளைவையே நீங்கள் வெட்டி எறிகிறீர்கள்.

வெளிச்சம். நொக்கவுட் அதிகமாக வெளியே போகும் என்று எதிர்பார்க்கிறபடியால் வைல்ட் டைப்புக்குக் கொஞ்சம் கடுமையான நிலைமை வேண்டும். திறந்த கைகளின் தரையில் 100–200 லக்ஸ், இரண்டு கையின் நுனிகளும் 10 வீதத்துக்குள் சமம். வைல்ட் டைப் திறந்த கையில் 10–20 வீதம் நேரம் செலவழித்தால் நல்ல இடம். 3 வீதம் என்றால் எலி உறைந்து கிடக்கிறது; 40 வீதம் என்றால் நொக்கவுட்டின் வீதம் அதற்கு மேலே ஏற இடமில்லை. பரம்பரையலகு தெரிந்த எலிகளைத் தொடுவதற்கு முன் சாதாரண பி6 எலிகளில் இந்த வெளிச்சத்தைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். வீதத்தை மட்டும் பார்க்காமல் எலியைப் பாருங்கள். வைல்ட் டைப் நடுச் சதுரத்தின் விளிம்பில் பின்னங்கால் இரண்டையும் மூடிய கைக்குள் ஊன்றிக்கொண்டு, வயிறு தரையைத் தொட, உடம்பைக் கயிறாக நீட்டி, மீசையால் திறந்த பலகையைத் தடவும். பிறகு சட்டென்று பின்வாங்கும். அரை நிமிடம் கழித்து இன்னும் இரண்டு ச.மீ. கூட நீளும். இதுதான் ஆபத்து மதிப்பீடு. பதகளிப்புக் குறைந்த எலியில் இந்த நீட்டல் குறையும். பின்னங்காலும் சேர்ந்து வெளியே வரும். நுனிவரை போய், விளிம்பால் தலையைத் தொங்கப்போட்டுக் கீழே பார்க்கும். வெறும் ஓட்டம் கூடிய எலி அப்படியில்லை. மூடிய கை, திறந்த கை என்ற பேதமில்லாமல் எல்லாவற்றுக்குள்ளும் நுழைந்து வெளியேறும். அதன் மூடிய கை நுழைவுகள் எகிறும். ஆகவே நாலும் எழுதுங்கள்: திறந்த கை நேர வீதம், மூடிய கை நுழைவு எண்ணிக்கை, நீட்டல், பாதுகாப்பில்லாத தலைத் தொங்கல். திறந்தது கூடி, மூடிய நுழைவு மாறாமல், நீட்டல் குறைந்தால் பதகளிப்புக் குறைவு என்று சொல்ல வாய் வரும்.

மென்பொருளிடம் நீட்டலை விட்டுவிடாதீர்கள். உடல் மையத்தை மட்டும் பின்தொடர்கிற அமைப்பில், நீளும் எலியின் மையம் எல்லையைத் தாண்டித் தாண்டி வந்து ஒரே நீட்டலை மூன்று நுழைவாக எண்ணிவிடும். நாலு பாதமும் உள்ளே வந்தால்தான் நுழைவு. டீப்லாப்கட் போன்ற இலவச வழியில் மூக்கு, நடு உடல், வால் அடி மூன்றையும் குறித்தால் நீட்டலின் நீளத்தையே அளக்கலாம்.

7 · வெள்ளவத்தைக்காரன்

படிச்சுக்கொண்டு வாறன், ஒரு சந்தேகம். எலி வெளியில வருது எண்டால் பயமில்லை எண்டுதானே அர்த்தம்? இவ்வளவு பிரிக்கிறது தேவையா?

8 · அமிக்டலா

தேவை. அம்பெற்றமின் கொடுத்த எலியும் வெளியே வரும். கண் தெரியாத எலியும் வரும். தப்பி ஓட வழி தேடிப் பதறுகிற எலியும் சில வேளை திறந்த கையில் ஓடும். ஓபன் ஃபீல்டில் 5 நிமிடத்தோடு நிறுத்தாமல் 30 நிமிடம் விட்டு, 5 நிமிடத் துண்டுகளாகத் தூரத்தை வரைந்து பாருங்கள். புது இடம் பழகப் பழக வைல்டின் கோடு இறங்கும். நொக்கவுட்டின் கோடும் அதே மாதிரி இறங்கி, முதல் 5 நிமிடத்தில் நடுப்பகுதி நேரம் மட்டும் கூட என்றால் பதகளிப்பு. கோடு இறங்கவே இல்லை என்றால் ஓட்டக் கோளாறு, அல்லது இடத்தை நினைவில் வைக்காத கோளாறு. 2014 முடிவுக்குப் பிறகு இரண்டாவதையும் தள்ளிவிட முடியாது.

ஆர்வத்தை மட்டும் தனியாக அளக்க துளைப் பலகை போடலாம். தரையில் துளைகள், தலை விடுகிற எண்ணிக்கை. 1962 இலிருந்து இருக்கிற முறை.

9 · நியமவிலகல்

துளைப் பலகையில் எனக்கு நம்பிக்கை குறைவு. பதகளிப்பு மருந்துகளும் அதில் எண்ணிக்கையை மாற்றும், ஆகவே "ஆர்வம் மட்டும்" என்பது பேச்சுக்குத்தான். 30 நிமிட ஓபன் ஃபீல்டின் கடைசிப் 10 நிமிடத்தில் நடுவே ஒரு புதுப் பொருளை வைத்து அணுகல்களை எண்ணுவது மேல்.

எண்ணிக்கை. விளைவு ஒரு நியமவிலகல் அளவு என்று எடுத்தால், 80 வீத வலுவுக்கும் 0.05 இருபக்கச் சோதனைக்கும் குழுவுக்கு 17. விளைவு 0.8 என்றால் 26. "எல்லாரும் 8 போடுகிறார்கள்" என்பது காரணமில்லை. 8 க்கு, ஏறத்தாழ ஒன்றரை நியமவிலகல் அளவு வேறுபாடு இருந்தால்தான் பிடிபடும்.

இப்போது 17 ஐக் குட்டிகளாக மாற்றுங்கள். ஹெட்டோடு ஹெட் சேர்த்தால் நாலில் ஒன்று நொக்கவுட். ஆண் மட்டும் என்றால் எட்டில் ஒன்று. 17 ஆண் நொக்கவுட்டுக்கு 136 குட்டிகள். ஈற்றுக்கு (ஒரு பிரசவத்துக்கு) 6 பிழைத்தால் 23 ஈறுகள். இரண்டு பாலும் 9+9 என்று எடுத்தால் 18 நொக்கவுட்டுக்கு 72 குட்டிகள், 12 ஈறுகள். "பெட்டைக்கு ஈஸ்ட்ரஸ் சுற்று, தரவு சிதறும்" என்று சொல்லி ஆணை மட்டும் எடுப்பவர்கள், பாதிக் குட்டிகளைத் தூக்கி எறிந்துவிட்டு எலி போதவில்லை என்கிறார்கள். பாலை மாதிரியில் ஒரு காரணியாக வையுங்கள்.

ஈறு முக்கியம். ஒரே ஈற்றில் பிறந்த 4 நொக்கவுட்டை 4 சுயாதீன எலி என்று எண்ணாதீர்கள். ஒவ்வோர் ஈற்றிலும் ஒரு வைல்ட், ஒரு நொக்கவுட் என்று சோடியாக எடுங்கள். 6 குட்டி ஈற்றில் ஒரு நொக்கவுட்டாவது இருக்க நிகழ்தகவு 82 வீதம். அதே நொக்கவுட் ஆணாகவும் இருக்கவேண்டும் என்றால் 55 வீதம்தான். பகுப்பாய்வு கலப்பு மாதிரி: பரம்பரை வகையும் பாலும் நிலையான காரணிகள், ஈறு எழுமாற்றுக் காரணி.

ஒரு பொறி. ஓட்டத்தைக் கழிக்க என்று மொத்தத் தூரத்தைத் துணைமாறியாகப் போடுவார்கள். தூரமே பரம்பரையலகால் மாறியிருந்தால் அந்தக் கழிவு உண்மையான விளைவையும் சேர்த்துக் கழிக்கும், இல்லாததையும் உருவாக்கும். இரண்டையும் தனித்தனியே காட்டுங்கள். முதன்மை அளவு ஒன்றே ஒன்று, பெட்டியைத் திறக்கமுன் எழுதி வைத்தது. கமராவைப் பார்த்துப் புள்ளியிடுபவருக்கு வகை தெரியக்கூடாது.

10 · கூண்டறை

இனிக் கொழும்பு.

எலியை வெளிநாட்டிலிருந்து எடுக்கிறது: கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்கள அனுமதி, தனிமைப்படுத்தல், நெறிமுறைக் குழு எல்லாம் வேணும். உறைந்த விந்தாக எடுத்தால் திரவ நைதரசன் தாங்கியோட சேர்த்து, இங்க சோதனைக்குழாய்க் கருக்கட்டல் செய்யிற கையும் வேணும். ஒரு கடைசி வருடத் திட்டத்துக்குள்ள இது முடியாது, அதைப்பற்றிப் பேசி நேரத்தை வீணாக்காதேங்கோ.

அறை. கொழும்பின் ஈரப்பதன் எலிக்கூடத்துக்குச் சொல்லப்படுகிற 40–70 வீதத்தை வருசம் பூரா தாண்டி நிக்கும். ஸ்பிளிட் ஏசி 22 பாகைக்குப் போட்டால் கம்பிரசர் நிண்டு நிண்டு ஓடும், ஈரப்பதன் திரும்ப ஏறும். ஈரமான படுக்கையில அமோனியா. தனியா ஈரமகற்றி வையுங்கோ, தண்ணித் தட்டை ஒவ்வொரு நாளும் ஊத்துங்கோ. சோதனை நடக்கிற நேரம் முழுக்க ஏசி ஓடிக்கொண்டே இருக்கட்டும். நடுவில திடீரெண்டு ஓடத் தொடங்கிற சத்தத்துக்கு எலி உறையும்.

மேஸ் கட்டுற பொருள்: புறக்கோட்டையில வாங்கிற சாதாரண பிளைவூட் வேண்டாம். மூத்திரத்தை உறிஞ்சும், மழைக்காலத்தில ஊதும், போன எலியின்ர மணம் அடுத்த எலிக்கு நிக்கும். மங்கலான சாம்பல் நிற பி.வி.சி. தகடு, இல்லாட்டில் மெலமைன் பலகை. வெட்டின ஓரத்தைச் சிலிக்கனால மூடுங்கோ. பி6 கறுப்பு எண்டதால தரை கறுப்பா இருக்கக்கூடாது, கமரா எலியைத் துலைச்சுப்போடும். பளபளக்கிற பேர்ஸ்பெக்ஸும் வேண்டாம், எலி தன்ர நிழலைப் பாத்துக்கொண்டு நிக்கும்.

துடைக்கிறது 70 வீத எதனோல். எதனோல் பறக்கும், மிச்சம் 30 வீதத் தண்ணி எங்கட காத்தில லேசில காயாது. காய்ஞ்ச துணியால ரெண்டாந்தரம் துடைச்சு, 3 நிமிசம் பொறுத்து அடுத்த எலி. முதல் எலிக்கு முன்னாலயும் துடைக்கவேணும், இல்லாட்டில் அது மட்டும் மணமில்லாத மேஸில ஓடின எலி. அதோட எறும்பு. எலித்தீனி கொட்டின இடத்திலயிருந்து மேஸின்ர காலில வரிசையா ஏறும். எறும்பு கடிச்ச எலி திறந்த கையில துள்ளினால் மென்பொருள் அதையும் ஆராய்ச்சி எண்டு எண்ணும். கால்களைத் தண்ணிக் கிண்ணத்தில நிறுத்துங்கோ.

சத்தம். காலி வீதி ஹோர்ன், கரையோர ரயில், சித்திரைப் புத்தாண்டு வெடி, கிரிக்கெட் வென்ற இரவு வெடி. இதெல்லாம் காதுக்குக் கேக்கும், ஆகவே குறிச்சு வைப்பீங்கள். கேக்காததுதான் மோசம். பக்கத்து அலுவலகத்தில செருகி வச்சிருக்கிற எலி விரட்டி மிகையொலி போடும், எங்களுக்குக் கேக்காது, சுண்டெலிக்கு நல்லாக் கேக்கும். ஒரு வௌவால் டிடெக்டரை இரவல் எடுத்து அறையைச் சுத்திப் பாருங்கோ.

11 · கொள்ளுப்பிட்டி_22

இறக்குமதி இல்லையென்றால் எங்களால் செய்யக்கூடியது என்ன? முன்மொழிவை விட்டுவிட மனமில்லை.

12 · பிப்பெட்_பொரளை

ரெண்டு வேலை இருக்கு. ஒன்று தரவு. சர்வதேச எலி ஃபீனோடைப்பிங் கூட்டமைப்பு ஆயிரக்கணக்கான நொக்கவுட் வரிசைகளின் ஓபன் ஃபீல்ட் முதலான அளவுகளைத் திறந்து வச்சிருக்கு. பெரும்பாலும் 6என் பின்னணி, அதாவது ஆர்டி8 கேள்வி அங்கேயும் உண்டு. கட்டுப்பாட்டு எலிகளும் அதே பின்னணி என்பதால் ஒப்பீடு நிற்கும். நுண்புன்குழாயோட சம்பந்தப்பட்ட பரம்பரையலகுகளைப் பட்டியலிட்டு, நடுப்பகுதி நேரமும் மொத்தத் தூரமும் சேர்ந்து மாறுதா, தனித்தனியா மாறுதா என்று பாருங்கோ. உங்கட மூல கேள்வியே அதுதானே.

மற்றது, மேஸைக் கட்டி அது பதகளிப்பைத்தான் அளக்குது என்று மருந்தால நிரூபிக்கிறது. இங்கே கிடைக்கிற எலியே போதும்.

13 · அமிக்டலா

இரண்டாவது வேலையைக் குறைவாக எண்ணாதீர்கள். 1999 இல் கிராப், வால்ஸ்டன், டுடெக் மூவரும் அல்பனி, எட்மன்டன், போர்ட்லண்ட் மூன்று ஊர்களில் ஒரே வம்சங்கள், ஒரே கருவி, ஒரே நேரம் என்று நடத்தியும் சில முடிவுகள் ஊருக்கு ஊர் மாறின. பிளஸ் மேஸ் அதில் முன்னணி. கொழும்பு அறையின் அடிப்படை எண்ணை ஒருவர் அளந்து வைத்தால்தான் பின்னால் வருகிற நொக்கவுட்டுக்கு அர்த்தம் இருக்கும்.

டயசபாம் 1 மி.கி./கி.கி., வயிற்றறை ஊசி, 30 நிமிடம் பொறுத்து மேஸ். 0.5, 1, 2 என்று மூன்று அளவும் வெறும் கரைப்பானும். 2 இல் சில எலிகள் தூங்கி வழியும், மூடிய நுழைவு விழும். "அமைதியும் அயர்வும்" பிரிவதை உங்கள் மேஸே காட்டும். ஆம்பூல் 5 மி.கி./மி.லீ., 10 மி.லீ./கி.கி. கனவளவில் 1 மி.கி. க்கு 50 மடங்கு ஐதாக்க வேண்டும். உப்புநீரில் நேரே ஊற்றினால் பால் மாதிரிப் படியும், ஊசிக்குள் அளவு மாறும். ட்வீன் 80 சிறிதளவு சேர்த்துத் தொங்கலாக்கி, ஒவ்வோர் ஊசிக்கும் முன் குலுக்குங்கள். ஆம்பூலில் புரொப்பிலீன் கிளைக்கோலும் எதனோலும் உண்டு, கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அதே கலவை. கட்டுப்பாட்டு மருந்து என்பதால் அனுமதியை முதலிலேயே தொடங்குங்கள்.

ஐசிஆர் போன்ற சுவிஸ் வழி எலி எடுத்தால் ஆர்டி1 குருட்டுத்தன்மை சில எலிகளில் வரும். வெள்ளை எலி என்றால் தரையையும் கறுப்பாக மாற்றவேண்டும்.

14 · வெள்ளவத்தைக்காரன்

மனிசருக்கும் இந்த ஸ்டாத்மின் உண்டா?

15 · அமிக்டலா

உண்டு, 1 ஆம் நிறமூர்த்தத்தின் குறுங்கையில். அந்தப் பரம்பரையலகின் மாறுபாடுகள் திடுக்கிடல், கோட்டிசோல் எதிர்வினைகளோடு தொடர்புபடுகின்றன என்று 2010 இல் ஓர் ஆய்வு வந்தது. பரம்பரையலகு ஒன்றை எடுத்து மனப்பதகளிப்புக்குக் காரணம் இதுதான் என்று சொல்கிற அளவுக்கு அது போகாது.

16 · நியமவிலகல்

ஒழுங்கு பற்றிக் கேட்டது விடுபட்டுப்போனது. பிளஸ் மேஸ் முதல், இரண்டு மூன்று நாள் விட்டு ஓபன் ஃபீல்ட், பிறகு லைட்-டார்க், ரோட்டாரொட், சூட்டுத்தட்டு, கடைசியில் பயப் பழக்கல். மின்னதிர்ச்சி பட்ட எலியைப் பிறகு எந்தப் பதகளிப்புச் சோதனைக்கும் எடுக்கமுடியாது. அதிர்ச்சிக்கு எந்த மி.அம்பியரில் துடிக்கிறது, எதில் துள்ளுகிறது என்பதைத் தனி எலிகளில் பாருங்கள். அக்சன் சிதைந்து பாதம் மரத்த எலி உறையாவிட்டால் அது மறதியில்லை, வலிக்கவேயில்லை. சோதித்த எலியைச் சோதிக்காத கூட்டாளிகளோடு அன்று திருப்பி விடாதீர்கள். கூண்டில் கடைசியாக எடுக்கிற எலி எப்போதும் வேறு எலி.

17 · கூண்டறை

கரண்ட் கட்டுக்கு ஒண்டு சொல்ல மறந்திட்டம். லைட்டுக்குப் போட்டிருக்கிற டைமர் சுத்திற வகை எண்டால், கரண்ட் 2 மணித்தியாலம் போனால் அதுவும் 2 மணித்தியாலம் நிண்டுபோகும். காலை 6 மணிக்கு எரியிற லைட் 8 க்கு எரியும். நீங்கள் 9 மணிக்கு மேஸில விடுற எலிக்கு 3 மணித்தியாலத்துக்கு முன்னம் விடிஞ்சதோ ஒரு மணித்தியாலத்துக்கு முன்னமோ எண்டது குழம்பிப்போகும். ஜெனரேட்டர் வாற வரைக்கும் உள்ள இருட்டும் அப்படித்தான், அந்த நேரம் மேஸில இருந்த எலியின்ர தரவை எடுக்காதேங்கோ. பற்றரி உள்ள டிஜிட்டல் டைமர், அதோட ஒளி பதிவு செய்யிற சின்ன லொகர் ஒண்டைக் கூண்டுத் தட்டில ஒட்டி விடுங்கோ. லொகர் இல்லாட்டில் பழைய ஃபோன் ஒண்டு, ஒளி அளக்கிற ஆப்பைப் போட்டுச் சார்ஜில விட்டால் காணும்.